பி.எச். ஏற்ற இறக்கத்தை ரூபாய்க் கணக்காக்கித் தொழிலகப் பாதுகாப்பைக் கண்காணிப்பது எப்படி?

கேள்வி: ராணிப்பேட்டைப் பாதுகாப்பு அலுவலர்

அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டைப் பகுதியில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். தோலை முடி நீங்க ஊறவைக்கும் சுண்ணாம்பு ட்ரம்களிலிருந்து வரும் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவதற்கு முன், அதிலுள்ள சல்பைடை ஒரு தனித்தொட்டியில் காற்றடித்து, மாங்கனீசு சல்பேட்டை வினையூக்கியாக இட்டு, ஆக்சிஜனேற்றம் செய்கிறோம். அத்தொட்டியின் பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 10 அளவில் நிற்க வேண்டும். அது குறையக் குறைய, சல்பைடு ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவாக வெளியேறும். 8.5க்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி ஒலிக்கும். பம்பை நிறுத்திச் சுண்ணாம்பு போடுவோம். மணி மாதத்தில் ஓரிரு முறைதான் ஒலிக்கிறது என்பதால், தொட்டி நல்ல நிலையில் இருப்பதாகவே மாதாந்திர அறிக்கையில் எழுதி வருகிறோம்.

ஆனால் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் என் மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் 9.9, மறுநாள் 9.2, அதற்கடுத்த நாள் 8.7 என்று எண்கள் அலைகின்றன. மணி ஒலிக்காத இந்த அலைச்சலுக்கு அறிக்கையில் இடமே இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, அடுத்திருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தொட்டி என்பது வெறும் சேமிப்பு இடம், அதற்குக் கண்காணிப்பு எதற்கு என்ற எண்ணத்தை அன்றே நான் விட்டுவிட்டேன்.

நிர்வாகத்திடம் “பி.எச். அலைகிறது” என்று சொன்னால் தலையசைக்கிறார்கள், “இந்த மாதம் இவ்வளவு ரூபாய் போயிற்று” என்று சொன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். செயல்முறையில் ஏற்படும் மாறுபாட்டை ரூபாய் இழப்பாக மதிப்பிட்டு, அந்த எண்ணையே நாள்தோறும் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்ள முறை ஏதும் உண்டா? உண்டென்றால் அதை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது?

மறுமொழி 1: வாலாஜாபேட்டை, ஓய்வுபெற்ற உற்பத்திப் பொறியாளர்

தம்பிக்கு வணக்கம். உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. எல்லைக்குள் இருந்தால் இழப்பு சுழியம், எல்லையைத் தாண்டினால் முழு இழப்பு என்ற கணக்கில்தான் பெரும்பாலான ஆலைகள் ஓடுகின்றன. 8.6க்கும் 8.4க்கும் இடையில் தொட்டியில் பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடுவதில்லை. மணி ஒலிப்பது மட்டுமே மாறுகிறது. சப்பானியப் பொறியாளர் கெனிச்சி தகுச்சி இதைத்தான் மாற்றிச் சொன்னார். இலக்கிலிருந்து விலகத் தொடங்கிய அந்த நொடியிலேயே இழப்பும் தொடங்குகிறது. விலகல் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகிறது. விலகலை இழப்பாக மாற்றும் இந்தச் சூத்திரம், அதாவது அவருடைய இழப்புச் சார்பு, பொருளின் தரத்துக்காக எழுந்தது. பிற்காலத்தில் ஆலைப் பாதுகாப்பை ஆராய்ந்தவர்கள், வெப்பநிலை, அழுத்தம், நீர்மட்டம் போன்றவற்றின் விலகலுக்கும் அதே வகைச் சார்புகளைப் பயன்படுத்தலாயினர்.

உங்கள் தொட்டிக்குப் பொருத்திப் பார்ப்போம். இலக்கு 10. 8.5ஐத் தொட்டால் நிறுத்துகிறீர்கள். அப்படி ஒரு முறை நிறுத்துவதால் ஆகும் செலவை முதலில் மதிப்பிட வேண்டும், இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சுண்ணாம்பின் விலையையும் மூன்று மணி நேரக் கூலியையும் மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடக் கூடாது. தொட்டி நின்றால் மேலே சுண்ணாம்பு ட்ரம்மை வடிக்க முடியாது. வடிக்காவிட்டால் தோல் கூடுதல் நேரம் சுண்ணாம்பிலேயே கிடக்கும். கிடந்தால் மேற்பரப்பு தளர்ந்து, தரம் பிரிக்கும்போது ஒரு படி கீழே போகும். அந்த விலைச்சரிவு உற்பத்திப் பிரிவின் கணக்கில் விழுகிறதே தவிரக் கழிவுநீர்ப் பிரிவின் கணக்கில் விழுவதில்லை. ஆகவே இரண்டு பிரிவுக்காரர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்துத்தான் இந்த எண்ணைப் பெற வேண்டும். எடுத்துக்காட்டாக, எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய் என்று கொள்வோம்.

விலகல் 1.5, அதன் வர்க்கம் 2.25. இருபத்தேழாயிரத்தை அதனால் வகுத்தால் 12,000. இதுவே உங்கள் தொட்டியின் மாறிலி. இனி ஒரு ஷிப்டில் பதிவான அளவீடுகளின் சராசரி இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் வர்க்கத்தையும், திட்ட விலக்கத்தின் (அளவீடுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வர்க்கத்தையும் கூட்டி, மாறிலியால் பெருக்குங்கள். சராசரி 9.6, திட்ட விலக்கம் 0.3 என்றால், 0.16உம் 0.09உம் சேர்ந்து 0.25; இழப்பு ஒரு ஷிப்டுக்கு 3,000 ரூபாய். மாதத்தில் எழுபத்தைந்து ஷிப்டும் இப்படியே ஓடினால் 2,25,000 ரூபாய். அந்த மாதம் முழுவதும் மணி ஒரு முறைகூட ஒலிக்காமலே போயிருக்கலாம்.

இந்த 3,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்பதில்தான் பயன் அதிகம். அதில் 1,920 ரூபாய் சராசரி தள்ளி நிற்பதால் வருவது. சுண்ணாம்பு இடும் அளவைத் திருத்தினால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும். மீதி 1,080 ரூபாய் அலைச்சலால் வருவது. அதற்கு அலைச்சலின் காரணத்தையே தேடிப் போக வேண்டும். பக்ரீத் முடிந்த கையோடு தோல் வரத்து குவியும் வாரங்களையும், பொங்கல் விடுப்புக்குப் பிறகு தேங்கிக்கிடந்த கழிவுநீரை மறுபடி ஓட்டும் முதல் நாளையும் தனியே எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். தேங்கிய நீரில் சல்பேட்டை நுண்ணுயிர்கள் சல்பைடாக மாற்றிவிடும் என்பதால், புதிதாக ஒரு தோல்கூட ட்ரம்மில் ஏறாத நாளிலும் ஆபத்து கூடியிருக்கும்.

மறுமொழி 2: காட்பாடி, வேதிப்பொறியியல் ஆசிரியர்

மேலே பெரியவர் சொன்ன முறை தொடங்குவதற்கு ஏற்றது. ஆனால் அதை அப்படியே பாதுகாப்பின் அளவுகோலாக்கினால் ஓரிடத்தில் பெருந்தவறு நேரும். அதை எண்களைக் கொண்டே காட்டுகிறேன்.

பத்து நிமிடத்துக்கு ஓர் அளவீடு என்றால் ஒரு ஷிப்டுக்கு 48 அளவீடுகள். அவற்றில் 47 சரியாக 10 என்றும் ஒன்று மட்டும் 7.5 என்றும் வைத்துக்கொள்வோம். யாரோ பிக்கிள் ட்ரம்மின் (தோலை அமிலத்தில் ஊறவைக்கும் ட்ரம்) அமிலநீரைத் தவறான வாய்க்காலில் திறந்துவிட்டு உடனே மூடிவிட்டார்கள். அந்த ஓர் அளவீட்டின் இழப்பு 75,000 ரூபாய். 48ஆல் வகுத்துச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 1,560 ரூபாய். அதாவது 9.6இல் அமைதியாக ஓடிய ஷிப்டைவிட இந்த ஷிப்ட் ஏறத்தாழப் பாதி இழப்புதான் காட்டுகிறது. ஆனால் தொட்டியருகே ஒருவர் மயங்கி விழக்கூடிய ஷிப்ட் இதுதான். சராசரி இழப்பு பணத்தின் கசிவைக் காட்டும். ஆபத்தைக் காட்டுவது ஒற்றை அளவீட்டின் உச்சம். ஆகவே ஒவ்வொரு ஷிப்டுக்கும் கூட்டுத்தொகை ஒன்று, உச்ச இழப்பு ஒன்று என இரு எண்களையும் எழுதுங்கள்.

அடுத்து, வர்க்க விதி இந்த வேதியியலுக்குப் போதாது. கரைந்த சல்பைடில் எவ்வளவு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வடிவில் இருக்கும் என்பதை பி.எச். தீர்மானிக்கிறது. பி.எச். 10இல் அது ஆயிரத்தில் ஒரு பங்கு, 9இல் நூற்றில் ஒன்று, 8இல் நூற்றில் ஒன்பது, 7இல் சரிபாதி. உங்கள் எல்லையான 8.5இல் அது சுமார் 3 விழுக்காடு, 7.5இல் சுமார் 24 விழுக்காடு. எல்லையிலிருந்து 7.5க்கு இறங்கும்போது வர்க்க விதி இழப்பு 2.8 மடங்கானதாகச் சொல்கிறது. வாயுவோ எட்டு மடங்கை நெருங்குகிறது. அதனால் விலகலை பி.எச். அலகில் அளக்காமல், இந்தப் பங்கையே அளவாகக் கொண்டு இழப்பை எழுதினால் உண்மைக்கு அருகில் இருக்கும். வேலூர் வெயிலில் நீர் சூடேறும்போது வாயு கரைந்து நிற்கும் அளவும் குறையும் என்பதால், கத்திரி நாட்களில் அதே பி.எச். கூடுதல் ஆபத்து உடையது.

இலக்கின் இரு பக்கமும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி.எச். மேலே போனால் சுண்ணாம்பு வீண், கசடு மிகுதி, அவ்வளவுதான். கீழே போனால் வாயு. மேல்பக்கத்துக்குச் சிறிய மாறிலி, கீழ்ப்பக்கத்துக்குப் பெரிய மாறிலி என வைத்தால், சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கொண்ட குறுக்குவழி பொருந்தாது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். கணினி அட்டவணையில் அது பெரிய வேலை இல்லை.

வர்க்கச் சார்புக்கு இன்னொரு குறை, அது எல்லையின்றி வளர்ந்துகொண்டே போகும். ஓர் இயந்திரத்தின் விலையைவிட அதிகமாக அந்த இயந்திரத்தை இழக்க முடியாது. 1993இல் ஸ்பைரிங் என்பவர் இயல்நிலைப் பரவலின் மணி வளைவைக் கவிழ்த்தாற்போன்ற ஒரு சார்பை முன்வைத்தார். அதில் இழப்பு முதலில் மெல்ல எழுந்து, பிறகு செங்குத்தாக ஏறி, உச்ச இழப்பை நெருங்கியதும் தட்டையாகிவிடும். இலக்குக்கும் முழு இழப்பு நேரும் புள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவில் கால் பங்கை அகல அளவாகக் கொண்டால், அப்புள்ளியில் இழப்பு உச்சத்தின் 99.97 விழுக்காட்டைத் தொடும். கான்கிரீட் அரிப்பு, மின்பலகையின் செம்பு முனைகள் கறுத்துப்போவது போன்ற உடைமை இழப்புகளுக்கு இந்தச் சார்பு ஏற்றது.

சுற்றுச்சூழல் இழப்புக்கு அபராதத் தொகையை மட்டும் எழுதிவிடாதீர்கள். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆலை ஒவ்வொன்றுக்கும் விதித்த மாசு அபராதம் 10,000 ரூபாய்தான். ஆனால் அதே தீர்ப்பு, மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் தர வேண்டும் என்றது. பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருந்த குடும்பங்களின் இழப்பு அந்தப் பத்தாயிரத்துக்குள் அடங்கியதில்லை.

கடைசியாக, மனித உயிர். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்: உயிருக்கு ரூபாய் போட்டு இந்தக் கூட்டுத்தொகையில் சேர்க்காதீர்கள். கழிவுநீர்க் குழிகளில் இறப்போருக்கான இழப்பீடு 10 லட்சமாக இருந்ததை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகையை உயிரின் மதிப்பாகச் சார்பில் இட்டிருந்தால், தீர்ப்புக்கு முந்தைய நாள் அதே குழியின் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு சொல்லியிருக்கும். இறங்குபவருக்கு இரண்டு நாளும் ஒரே குழி. அது மட்டுமன்று, உயிரும் ஒரு தொகையாகிவிட்டால், பழுதுபார்க்கும் செலவு அதைவிடக் கூடும்போது பழுது பார்க்காமல் விடுவதே சிக்கனம் என்று அதே அட்டவணை சொல்லத் தொடங்கும். மனிதருக்கு நேரும் ஆபத்தை ரூபாய் இல்லாத தனிப் பக்கத்தில், தாண்டவே கூடாத எல்லையாக வையுங்கள்.

மறுமொழி 3: மேல்விஷாரம், கழிவுநீர் நிலையப் பணியாளர்

நான் பதினெட்டு ஆண்டுகளாகத் தொட்டியருகில் நிற்பவன். கணக்கைப் பற்றி ஐயாக்கள் சொன்னதை மறுக்கவில்லை. கணக்குக்குள் போகும் எண்ணைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சல்பைடு உள்ள நீரில் பி.எச். மின்முனை நீண்ட நாள் உழைக்காது. உள்ளே இருக்கும் வெள்ளியோடு சல்பைடு சேர்ந்து கறுத்துப் படிவதால் காட்டும் எண் மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். கண்ணாடிக் குமிழின் மேல் சுண்ணாம்பு ஏடு படிந்துவிட்டால், தொட்டியில் என்ன நடந்தாலும் முள் அசையாது. இங்கேதான் எனக்கு அச்சம். செத்துப்போன மின்முனை நாள் முழுவதும் 9.9, 9.9 என்றே காட்டும். உங்கள் அட்டவணையில் அந்த நாளின் அலைச்சல் சுழியம், இழப்பும் ஏறத்தாழச் சுழியம். மாதத்திலேயே மிகச் சிறந்த நாள் என்று அது பதிவாகும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாசு நகர எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையில் பதினைந்து பேர் இறந்த விபத்திலும், கோபுரம் நிரம்பி வழியும் நிலையில் இருந்தபோது மட்டமானி மட்டம் இறங்குவதாகவே காட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே எண் ஆடாமல் நிற்பதையும் ஒரு குறையாகவே பதிவு செய்யுங்கள். எங்கள் தொட்டியில் இரண்டு மணி நேரம் ஒரே எண் நின்றால் கையடக்க மானியால் சரிபார்க்கிறோம். பி.எச். 7, 10 என மாறாமல் நிற்கும் தாங்கல் கரைசல்களில் தோய்த்துப் பார்ப்பது ஷிப்ட் தொடக்கத்திலேயே நடக்க வேண்டும். மின்முனை வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கும் ஆலை அந்தக் கணக்கை முழுவதுமாகக் கைவிட்டுவிடுவது மேல், ஏனென்றால் தவறான எண்ணைக் கொண்டு போட்ட ரூபாய்க் கணக்கு வீண் நம்பிக்கையைத்தான் கொடுக்கும்.

மூக்கையும் நம்ப வேண்டாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். வாயு பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது நாற்றம் உணரும் திறனே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று எண்ணிக் குழிக்குள் எட்டிப் பார்ப்பவர்தான் முதலில் விழுகிறார். அவரைத் தூக்கப் போகிறவர் இரண்டாவதாக விழுகிறார்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. சொன்னபடியே ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். மின்முனையை மாற்றி, ஒவ்வொரு ஷிப்டிலும் தாங்கல் கரைசலில் சோதித்த பிறகே எண்களை எடுத்தேன். மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டுக்கும் தனி மாறிலி, கீழ்ப்பக்கத்தில் பி.எச்.சுக்குப் பதிலாக வாயுப் பங்கு.

எழுபத்தைந்து ஷிப்டுகளில் மொத்த மதிப்பீடு 1,62,000 ரூபாய். அதில் 1,05,000 ரூபாய் ஒன்பது ஷிப்டுகளிலிருந்து மட்டுமே வந்தது. அந்த ஒன்பதில் ஏழு, இரவில் பிக்கிள் ட்ரம் வடித்த ஷிப்டுகள். குரோம் மீட்புத் தொட்டிக்குப் போக வேண்டிய நீர், தேய்ந்துபோன வால்வு வழியாகச் சுண்ணாம்பு வாய்க்காலில் கசிந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறோம். வால்வை மாற்றித் தனிக்குழாய் இழுக்க 85,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பீடு வாங்கி, இந்த அட்டவணையோடு சேர்த்துக் கொடுத்தேன். இரண்டு ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த கோரிக்கைக்கு மூன்றாம் நாளே ஒப்புதல் வந்தது.

ரூபாய் இல்லாத பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயு உணர்மானி பத்து லட்சத்தில் ஐந்து பங்கைத் தாண்டிய தருணங்களை மட்டும் அதில் எழுதினேன். மாதத்தில் நான்கு முறை தாண்டியிருக்கிறது. அவற்றில் இரண்டு முறை ரூபாய் இழப்பு மிகக் குறைவாகப் பதிவான ஷிப்டுகளில் நடந்தவை. ஒன்று, தொட்டி நின்றிருந்தபோது அடியில் தேங்கிய கசடைக் கிளறிய வேளை. காட்பாடி ஐயா இரண்டையும் கலக்காதே என்று சொல்லியிராவிட்டால், அந்த இரண்டும் கூட்டுத்தொகைக்குள் கரைந்து போயிருக்கும். இனி இந்தப் பக்கத்தில் ஒரு பதிவு வந்தாலும், ரூபாய் எவ்வளவு என்று பாராமல் அன்றே விசாரணை என்று எழுத்தில் வாங்கிவிட்டேன்.

ஒரு சிறு கேள்வி மிச்சம். நிலையான உணர்மானி ஒன்று வாங்க இசைந்திருக்கிறார்கள். அதைத் தொட்டியின் மேல் கைப்பிடிச் சுவரில் பொருத்துவதா, பம்புக் குழியின் பக்கம் பொருத்துவதா?

மறுமொழி 4: மேல்விஷாரம், கழிவுநீர் நிலையப் பணியாளர்

பம்புக் குழியின் பக்கம், தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்தில். இந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளம் தேடித்தான் போகும். கைப்பிடிச் சுவரில் வைத்தால், குழியில் குனிந்திருப்பவர் விழுந்த பிறகுதான் அது ஒலிக்கும். கசடு கிளறும் நாளில் அதை மட்டும் நம்பாமல், குனிபவரின் சட்டைக் காலரில் ஒரு கையடக்க உணர்மானியும் இருக்கட்டும்.